களிமண், மர நிழல், செயற்கைப் புல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீட்டுத் தோட்டங்களுக்குச் செயற்கைப் புல் போடும் வேலை பார்க்கிறேன். என்னை அழைப்பவர்களில் பலர் சொல்வது ஒரே கதை. பழைய தனி வீடு, பின்புறம் பெரிய மாமரமோ வேம்போ இருக்கும், அதன் அடியில் எந்தப் புல்லும் பிடிக்கவில்லை, மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடிப்பு. கடைக்குப் போய் டர்ஃப் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். எந்தப் பச்சை, எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்று கேட்பார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. களிமண்ணும் நிழலும் சேர்ந்த இடத்தில் அதுதான் முதல் கேள்வி.

எங்கள் வீட்டில் இருப்பது களிமண்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதி என்றால் பெரும்பாலும் மணல். நீங்கள் கொடுத்து வைத்தவர். தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், வில்லிவாக்கம், பெரம்பூர், விருகம்பாக்கம் என்றால் களிமண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். வீடு கட்டும்போது மட்டம் உயர்த்தக் கொட்டிய சவுடோ கிராவலோ மேலே ஓர் அடிக்கு இருக்கும். அசல் மண் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். ஒன்றரை அடி தோண்டி, அடியில் வரும் மண்ணைப் பாருங்கள்.

அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீர் தெளித்து, கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். பென்சில் கனத்துக்கு உருட்டி வளையமாக வளைத்தாலும் விரிசல் விடவில்லை என்றால் அது நல்ல களிமண். உருட்டும்போதே உதிர்ந்தால் மணல் கலந்தது.

கை சொல்வதைவிடக் குழி சொல்வது துல்லியம். ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஓர் அடிக்கோலைச் செருகி வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணற்பாங்கான நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் உறிஞ்சும். களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையிலும் வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் வேறு சான்று தேவையில்லை.

மரத்தடியில் உண்மையான புல் ஏன் பிடிப்பதில்லை? இன்னொரு முறை முயன்று பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள். அருகம்புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். கொரியன் புல் சற்றுப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும் அடர்ந்த மாமர நிழலில் இரண்டு மழைக்காலம் தாண்டாது. பஃபலோ புல் என்று நாற்றங்காலில் விற்கும் அகல இலைப் புல்தான் நிழல் தாங்கும் வகை. தாழ்ந்த கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டு அதை நட்டுப் பார்த்த சிலர், என்னைத் திரும்ப அழைக்கவே இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

செயற்கைப் புல் பெயர் பெற்றதே நிழலால்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை வேய்ந்த விளையாட்டரங்கம் திறந்தார்கள். உள்ளே அசல் புல். அதற்கு வெளிச்சம் கிடைக்கக் கூரையில் ஒளி புகும் தகடுகள். அந்த வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததில் மேலே பறக்கும் பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள், புல் செத்தது. 1966இல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். அரங்கத்தின் பெயரே அந்தப் புல்லுக்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்று ஒட்டிக்கொண்டது. உங்கள் மாமரமும் அந்தக் கூரையின் வேலையைத்தான் செய்கிறது.

நிழல் செயற்கைப் புல்லுக்கு நல்லதா, கெட்டதா?

புல் இழைக்கு நல்லது. சித்திரை வெயில் நேராக விழும் இடத்தில் இந்தப் பிளாஸ்டிக் இழைகள் 60, 70 டிகிரி செல்சியஸ் வரை சுடும். வெறுங்காலோடு குழந்தை இறங்க முடியாது. மரத்தடியில் அந்தத் தொல்லை இல்லை. புற ஊதாக் கதிர் குறைவதால் நிறமும் மெதுவாகத்தான் மங்கும்.

அடித்தளத்துக்குக் கெட்டது. வெயில் படும் களிமண் மழை விட்ட நாலைந்து நாளில் மேலாக உலர்ந்துவிடும். நிழலில், அதுவும் மேலே ஒரு பிளாஸ்டிக் போர்வையை மூடிவிட்டால், கார்த்திகையில் நனைந்தது தை வரை ஈரமாகவே கிடக்கும். பாசி, வாடை, புழுக்கம் எல்லாம் அந்த ஈரத்தின் பிள்ளைகள்.

களிமண்ணைச் சமப்படுத்தி, அதன் மேலேயே விரித்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை என் அக்கா வீட்டில் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிது. விருகம்பாக்கத்தில் 380 சதுர அடி இடம், நடுவில் ஒட்டு மாமரம். நான் போனது சித்திரை மாதம். கடப்பாரை பட்டால் தெறித்து வரும் அளவுக்கு மண் இறுகியிருந்தது. இவ்வளவு கெட்டியான தரைக்கு ஜல்லி எதற்கு, அக்காவுக்கு வீண் செலவு என்று நினைத்தேன். மேலாகச் செதுக்கி, ஓர் அங்குலம் கிரஷர் தூள் (கல் உடைக்கும்போது விழும் பொடி) பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து, புல்லை விரித்து ஆணி அடித்துவிட்டு வந்தேன். ஐப்பசி வரை வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசி அடைமழை தொடங்கிய மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள். போய்க் கால் வைத்தேன். தண்ணீர் நிரப்பிய பையின் மேல் நடப்பதுபோல் தரை அமுங்கி எழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் புல் இழைகளுக்கு நடுவே இருந்த துளைகள் வழியாகக் காப்பி நிறத்தில் சேறு கொப்பளித்தது. ஓரத்தை உயர்த்திப் பார்த்தால் நான் போட்ட கிரஷர் தூளைக் காணவில்லை. களிமண் அதை விழுங்கிவிட்டிருந்தது. கருப்பாக, வெண்ணெய்போல வழுவழுவென்ற குழம்பு மட்டும் இருந்தது. சாக்கடை வாடை வேறு.

நடந்தது இதுதான். நனைந்த களிமண் இளகுகிறது. மேலே ஒருவர் நடக்கும்போது ஏற்படும் அழுத்தம், நுண்ணிய களித் துகளைத் தண்ணீரோடு சேர்த்து மேலே தள்ளுகிறது. அது தூளின் இடைவெளிகளை அடைக்கிறது. அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்க வழியே இல்லை. பிறகு கோடையில் அதே மண் சுருங்கி வெடிக்கும்போது, மேலே விரித்த புல் அந்த வெடிப்புகளின் வரைபடத்தை அப்படியே காட்டும். முழுவதையும் பிரித்து, என் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தேன். அக்கா இன்றும் விசேஷ நாட்களில் அதை நினைவுபடுத்தத் தவறுவதில்லை.

மணல் கொட்டி மண்ணோடு கலந்துவிட்டால் வடிகால் கிடைக்காதா?

கிடைக்காது. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் வருவது கிட்டத்தட்ட செங்கல் மண். பயன் தெரிய வேண்டுமானால் மண்ணில் பெரும்பகுதி மணலாகவே இருக்க வேண்டும்; அந்தச் செலவுக்கு ஜல்லியே போட்டுவிடலாம்.

அப்படியென்றால் அடித்தளம் எப்படி இருக்க வேண்டும்?

400 சதுர அடி இடத்தை வைத்துச் சொல்கிறேன்.

எட்டு அங்குலம் தோண்ட வேண்டும் (மரத்துக்கு அருகில் மட்டும் கணக்கு வேறு, கீழே சொல்கிறேன்). இதில் ஏறக்குறைய 270 கன அடி மண் வரும். தோண்டிய களிமண் பொங்கும் என்பதால் மூன்று யூனிட்டுக்கு மேல் ஆகிவிடும் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). அதை எங்கே கொட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பக்கத்துக் காலி மனையில் கொட்டிவிட்டு வந்த சண்டைகளுக்கு நான் சாட்சி.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு. பலர் ஜல்லியின் மேல்மட்டத்தில் வாட்டம் விடுவார்கள், அது கண்ணுக்குத்தான். ஜல்லி வழியாக இறங்கும் தண்ணீர் களிமண்ணைத் தொட்டதும் நின்றுவிடும், பிறகு அந்தக் களிமண்ணின் சரிவில்தான் ஓடும். ஆகவே தோண்டிய பள்ளத்தின் அடிமட்டத்திலேயே வாட்டம் இருக்க வேண்டும்: பத்து அடிக்கு ஒன்றே கால் அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. நூல் கட்டி, மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சட்டி அளவு பள்ளம் இருந்தாலும் அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் தங்கும்.

அதன்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி. கம்பளிபோல் இருக்கும் நெய்யாத வகை, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடை. விலையில் ஆகக் குறைந்த பொருள் இது. ஒப்பந்தக்காரர்கள் முதலில் விட்டுவிடுவதும் இதைத்தான். தண்ணீரை விடும், களியைத் தடுக்கும். ஒரு துண்டின் மேல் அடுத்த துண்டு ஓர் அடி ஏறியிருக்க வேண்டும். பள்ளத்தின் ஓரங்களிலும் மேலே ஏற்றி மடியுங்கள்.

பிறகு நாலு அங்குல உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன்மேல் இரண்டு அங்குல உயரத்துக்குக் கால் அங்குலச் சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி. மொத்தம் ஆறு அங்குலம், அதாவது இரண்டு யூனிட் கல். அமுங்குவதற்காகக் கொஞ்சம் கூடுதலாக வரவழையுங்கள். தூள் கலக்காத, கழுவினாற்போன்ற கல்லாக இருக்கட்டும். மற்ற மண்ணில் கிரஷர் தூளையும் ஜல்லியையும் கலந்து உருட்டினால் தரை சிமென்ட்போல் நிற்கும். களிமண்ணில் எனக்கு அந்தக் கலவை வேண்டாம். இறுகிவிட்ட தூள் தண்ணீரை விடாது. இயந்திரக் கம்பாக்டர் வைத்து மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை அமுக்க வேண்டும். அடியிலுள்ள களிமண்ணை மட்டும் ஈரமாக இருக்கும்போது அமுக்காதீர்கள். அது குழைந்து போகும்.

ஏன் இவ்வளவு கல்? 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 சதுர அடியில் விழுவது சுமார் 1,850 லிட்டர். களிமண் நல்ல மனதோடு மணிக்கு 5 மில்லிமீட்டர் குடித்தாலும் பத்து மணி நேரம் ஆகும்; ஒரு மில்லிமீட்டர் என்றால் இரண்டு நாள். அதுவரை தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும் அல்லவா? ஜல்லியில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடம். ஆறு அங்குலக் கல் படுகை 2,200 லிட்டருக்கு மேல் தாங்கும். நீங்கள் கட்டுவது ஒரு தொட்டி. புல் அதன் மூடி.

ஆனால் மாடித் தண்ணீரை அதில் விட்டால் இந்தக் கணக்கு தவிடுபொடியாகும். 1,000 சதுர அடி மாடியிலிருந்து அதே மழைக்கு 4,600 லிட்டர் இறங்கும். மாடிக் குழாய்களைத் தனியாகத் திருப்பிவிட்ட பிறகே என் ஆட்கள் மண்வெட்டியைத் தொடுவார்கள்.

அந்தத் தொட்டித் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது?

வாட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு சால் எடுத்து, துளையிட்ட நாலு அங்குல பி.வி.சி. குழாயை ஜியோடெக்ஸ்டைல் சுற்றிப் பதிக்கிறோம். துளைகள் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். மேல்பக்கம் வைத்தால் குழாய் உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பிய பிறகுதான் உள்ளே நுழையும்.

குழாயின் மறுமுனை மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகலாம். தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் ஏதோ ஒரு குழி இருக்கும். அது வேலை செய்கிறதா என்பது வேறு விஷயம். களிமண்ணுக்குள்ளேயே முடிந்துவிடும் குழி வெறும் தொட்டிதான். நிரம்பியதும் தண்ணீர் திரும்பி வரும். அடியில் குழாய்த் துளை இட்டு, களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும் வரை இறக்கியிருக்க வேண்டும். ஒரு டேங்கர் தண்ணீரை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டில் நாய் இருந்தால், அந்தக் கழிவு கலந்த தண்ணீரைக் கிணற்றுக்கோ சேகரிப்புக் குழிக்கோ விடாதீர்கள். கழிவுநீர்க் குழாயில் மழைநீரை இணைப்பதும் கூடாது. அடைமழையில் அது கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்து நலம் விசாரிக்கும்.

தோண்டினால் மரம் பட்டுப்போகாதா?

கவனமில்லாமல் தோண்டினால் பட்டுப்போகும், அதுவும் உடனே போகாது. இரண்டு ஆண்டு கழித்து உச்சிக் கிளை காய்ந்து, அடுத்த புயலில் மரமே சாயும். அப்போது யாருக்கும் இந்தப் புல் நினைவுக்கு வராது. மரம் தண்ணீர் குடிக்கும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள்தான் ஓடுகின்றன. களிமண்ணில் காற்று கிடைப்பது அரிது என்பதால் இன்னும் மேலேயே இருக்கும்.

ஆகவே கிளை விரிந்திருக்கும் எல்லைக்குள் நான் தோண்டுவதில்லை. மேலாக உள்ள குப்பையைக் கையால் அகற்றி, ஜியோடெக்ஸ்டைல் விரித்து, மூன்று அங்குலம் தூளில்லாத சிப்ஸ் மட்டும் போடுகிறேன். அந்தப் பகுதி சற்று மேடாக இருக்கும்; இருக்கட்டும், மரத்தடி மேடாக இருப்பது இயற்கைதான். அங்கே விழும் தண்ணீர் தோண்டிய பக்கத்து ஜல்லிக்கு வடிந்துவிடும். கட்டைவிரல் கனத்துக்கு மேற்பட்ட வேரை வெட்டுவதில்லை. அடிமரத்தைச் சுற்றி மூன்று அடிக்குப் புல்லே கூடாது. கூழாங்கல்லோ சருகோ போடுங்கள். அடிமரத்தோடு ஒட்டிப் புல்லை வெட்டி மாட்டினால் படத்துக்கு நன்றாக இருக்கும், பட்டை அழுகும்.

களிமண்ணைக் கெட்டிப்படுத்தச் சுண்ணாம்பு கலக்கும் வழக்கம் சாலை வேலையில் உண்டு. மரத்தடியில் வேண்டாம், மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

தை, மாசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் சேறாகவும் இல்லாமல் கல்லாகவும் இல்லாமல் இருக்கும் நேரம். சித்திரையில் போட்டால் சுருங்கிப்போன மண்ணின் மேல் மட்டம் பார்ப்பீர்கள். ஐப்பசியில் அது உப்பும்போது மட்டம் மாறும். கோயம்புத்தூர், கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் இந்த உப்பலும் சுருக்கமும் இன்னும் கடுமை. அங்கே கோடை வெடிப்பில் மாட்டின் கால் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். அந்த மண்ணில் அவசரமே கூடாது.

மழைக்காலத்தில் ஒட்டும் வேலையும் சரியாக வராது. இரண்டு சுருள்களை இணைக்கும் பசை, ஈர நிழலில் காய மறுக்கும். காய்ந்ததுபோல் தோன்றி ஆறு மாதத்தில் இணைப்பு வாய் பிளக்கும்.

எந்தப் புல் வாங்குவது?

நிழலுக்கு மிக உயரமான புல் வேண்டாம். 50 மில்லிமீட்டர் இழை கடையில் மெத்தைபோல் இருக்கும். மரத்தடியில் சருகைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது, உலரவும் உலராது. 25 முதல் 35 போதும்.

நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காதீர்கள். ஒரு முழம் மாதிரித் துண்டை வாங்கி வந்து மரத்தடியில் மாலை நாலு மணிக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் செழிப்பாகத் தெரிந்த கரும்பச்சை நிழலில் கருப்பாகத் தெரியும். இளம்பச்சையும், அடியில் பழுப்பு நிறச் சுருள் இழையும் கலந்தது எடுப்பாக இருக்கும்.

திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள், விற்பவர் காட்ட விரும்பாத பக்கம் அது. வடிகால் துளைகள் ஒழுங்கான இடைவெளியில் இருக்கின்றனவா? ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தே வாங்கலாம். பாலியூரித்தேன் பூச்சு கொண்டது, எப்போதும் ஈரம் இருக்கும் இடத்தில் லேட்டக்ஸ் பூச்சைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆணிகள் துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும். சாதாரண ஆணி இந்த ஈரத்தில் துருப்பிடித்துத் தலை தெறித்துவிடும்.

இழைகளுக்கு நடுவே தூவ சிலிக்கா மணல் போதும். ரப்பர் குருணை விளையாட்டுத் திடலுக்கானது. வீட்டில் அது காலோடு ஒட்டி வரவேற்பறைக்கு வரும்.

சருகு, பூ, பழம் எல்லாம் விழுமே, எப்படிச் சமாளிப்பது?

பராமரிப்பே தேவையில்லை என்று சொல்லி விற்பவர், மரம் இல்லாத வீட்டில் குடியிருப்பவர். மரத்துக்கு மரம் தொல்லை வேறு. வேப்பம்பூ சித்திரையில் பொடிப்பொடியாக உதிர்ந்து இழைகளின் அடியில் இறங்கிவிடும். பெருக்கினால் வராது, கடினமான தூரிகையால் இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வாரிவிட்டு, பிறகு உறிஞ்ச வேண்டும். புங்கமரம் ஒரே வாரத்தில் மொத்த இலையையும் கொட்டும். அந்த ஒரு வாரம் தினமும் வாருங்கள், பிறகு ஓய்வு.

மாமரம்தான் சூட்சுமம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்துகளின் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற பிசுக்கை மழையாகத் தெளிக்கும். அது புல்லில் படிந்தால் தூசி ஒட்டிக் கரும்பூசணம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கலந்து அலசினால் போகும். அந்த மாதம் முழுக்க வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். நாவல் மரம் உள்ள வீட்டுக்காரரிடம் ஆனி, ஆடியில் ஊதாக் கறையோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பாசி படர்கிறது, வழுக்குகிறது. என்ன செய்வது?

மார்கழியில் இந்த அழைப்பு நிச்சயம் வரும். பாசி பிளாஸ்டிக்கில் வளர்வதில்லை; இழைகளுக்கு நடுவே மட்கிய சருகும் தூசியும் சேர்ந்து உண்டான மெல்லிய மண்ணில் வளர்கிறது. மேலே மருந்து தெளித்துவிட்டு அந்த மண்ணை விட்டுவைத்தால் மூன்று வாரத்தில் திரும்பும். காய்ந்த நாளில் தூரிகையால் பறித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரைத் தெளித்து, அரை மணி கழித்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது சுலபம்; நிறம் போகும், அது மரத்தின் வேருக்கும் இறங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாசி வந்தால் கீழே தண்ணீர் தேங்குகிறது என்று பொருள். அந்த இடத்தைத் திறந்து பார்க்காமல் வேறு வைத்தியம் இல்லை.

நாய் இருக்கிறது. பரவாயில்லையா?

வெயில் படும் இடம் என்றால் பரவாயில்லை. நிழலில் சிறுநீர் வாடை தங்கும். மணலுக்குப் பதில் சியோலைட் என்ற கனிமக் குருணையைத் தூவினால் அம்மோனியாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆனாலும் தினமும் தண்ணீர் விட்டு அலச வேண்டும். முடியாது என்றால் நாய்க்கென்று ஒரு மூலையில் ஜல்லித் திட்டு விட்டுவிடுங்கள்.

பெருச்சாளி, எறும்பு, கரையான்?

கரையான் பிளாஸ்டிக்கைத் தின்னாது. ஓரத்தில் அழகுக்கு வைத்த மரச்சட்டத்தைத் தின்னும். ஓரத்துக்குக் கருங்கல்லோ கான்கிரீட் கட்டுக்கல்லோதான். எறும்பு சிப்ஸில் புற்று வைக்கும். அவ்வப்போது தண்ணீர் அடித்தால் இடம் பெயரும். பெருச்சாளிதான் எதிரி. சென்னையின் பழைய வீதிகளில் மதில் சுவருக்கு அடியில் வளை தோண்டி, நேராக உங்கள் ஜல்லிப் படுகைக்குள் வந்து மண்ணை மேலே தள்ளும். ஒரு வீட்டில் காலையில் எழுந்து பார்த்தால் புல்லின் நடுவே சின்னக் குன்று. மதில் ஓரம் முழுக்க ஒன்றரை அடி ஆழத்துக்கு இரும்புக் கம்பி வலையைச் செங்குத்தாகப் புதைத்த பிறகு அடங்கியது. குழாயின் வாயிலும் வலை கட்டுங்கள். கொசுவுக்கும் அதுவே தடை.

2015, 2023 போல வெள்ளம் வந்தால்?

டிசம்பர் 2015 வெள்ளத்துக்கும், 2023 மிக்ஜாம் புயலுக்கும் எந்த அடித்தளமும் ஈடு கொடுக்காது. தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் வடிகாலுக்கு வேலையே இல்லை. வடிந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டல் ஈரமாக இருக்கும்போதே குழாயடித்துக் கழுவ வேண்டும்; காய்ந்துவிட்டால் இழையோடு பீங்கானாக ஒட்டிவிடும். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் புல்லைச் சுருட்டி எடுத்துத் தனியே கழுவி உலர்த்துங்கள், ஜல்லியையும் அலசுங்கள். இதற்காகவே சுற்றிலும் பசை போட்டு ஒட்டாமல் ஆணியில் நிறுத்துகிறேன்.

எப்படிப் பார்த்தாலும் இது பிளாஸ்டிக்தானே?

ஆமாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் கிழிந்து குப்பைக்குப் போகும். இழை, பூச்சு, பசை என்று பல பொருள் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சியும் சுலபமல்ல. தேயும் இழைகள் நுண்பிளாஸ்டிக்காக மண்ணுக்குப் போகின்றன. திடல்களில் தூவும் ரப்பர் குருணையின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை கொண்டுவந்து, எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. இந்தத் தொழிலில் சோறு உண்பவன் நான் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது: தேவையான அளவுக்கு மட்டும் போடுங்கள். உட்காரவும் குழந்தை விளையாடவும் 150 சதுர அடி போதுமென்றால் மீதி இடத்தில் மஞ்சள், சேம்பு, மணி பிளான்ட் என்று நிழல் விரும்பும் செடிகளை நடலாம்.

போட வேண்டாம் என்று நீங்களே சொன்ன வீடு உண்டா?

உண்டு. தெருவைவிட இரண்டு அடி பள்ளத்தில் இருந்த ஒரு வீடு. தண்ணீர் வெளியேற எந்தப் பக்கமும் வாட்டம் இல்லை, சேகரிப்புக் குழியில் டிசம்பர் முழுக்கத் தண்ணீர் தளும்பி நிற்கும். இன்னொரு வீட்டில் மரத்தின் வேர்கள் தரைக்கு மேலேயே முதலைமுதுகுபோல் ஓடின. விரிக்க நாலு சதுர அடி சமதரை இல்லை. அங்கே வேருக்கு நடுவே கூழாங்கல் கொட்டி, இரண்டு கருங்கல் பலகை போட்டுக் கொடுத்தேன். வீட்டுப் பெரியவர் காலையில் அதில் உட்கார்ந்துதான் செய்தித்தாள் படிக்கிறார். மழை பெய்தால் பலகை பத்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது.